சொந்தக்காரர் இல்லாத நாடு

ஒஸ்லோவில் ஸ்டோவ்னர் கடைத்தொகுதியின் கீழ்மாடியில் கோப்பிக் கடைக்கு முன்னால் கொஞ்சம் கதிரைகள் போட்டிருப்பார்கள். சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் அங்கேதான் குந்தியிருப்பார்கள். ஈஸ்டர் விடுமுறைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு பெலிஸுக்குப் போகிறேன் என்று நான் அங்கே வாயைத் திறந்திருக்கக் கூடாது. அது எங்கே கிடக்கிறது என்று ஒருவன் கேட்டான். மெக்சிகோவுக்குக் கீழே, சின்ன நாடு, ஒரு பக்கம் பவளப்பாறைக் கடல், மற்றப் பக்கம் மழைக்காடு என்றேன். என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன் ஒருவன் இருந்தான். வெஸ்ட்லிக் குடியிருப்பில் என் வீட்டுக்கு மேல்மாடி வீடு அவனுடையது. கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"அங்கை உனக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஏன்ரா போறாய்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் நாடு பார்க்கப் போவதில்லை, ஆட்களிடம் போவார்கள். டொரோண்டோவில் அண்ணன், பாரிஸில் மச்சாள், சென்னையில் மாமி. கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு. நயாகராவைப் பார்த்தவன்கூட மச்சானின் காரில் ஏறி, மச்சாள் கட்டிக்கொடுத்த புட்டை நீர்வீழ்ச்சிக்கு முன்னால் இருந்து தின்றுவிட்டு வந்தவன்தான். ஒருவன் பயணம் போகிறான் என்று தெரிந்தால் ஆளுக்கொரு பார்சலோடு வந்து கதவைத் தட்டுவார்கள். எனக்கு ஒருவரும் ஒன்றும் கொண்டுவந்து தரவில்லை. பெட்டி பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் ரைஸ் குக்கரையும் மிளகாய்த்தூளையும் வைத்தேன்.

சொந்தக்காரர் இல்லாத நாடு என்பதற்காகத்தான் அதைத் தெரிவு செய்தேன். கடைத்தொகுதியில் அதைச் சொல்ல முடியாது.

அந்தப் பனிக்காலம் முழுவதும் வீட்டில் ஒரே கதை, லண்டன். அந்த வருடங்களில் ஒஸ்லோவிலிருந்து எங்கள் குடும்பங்கள் ஒவ்வொன்றாக லண்டனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டுமாம். பக்கத்தில் கோயில் வேண்டுமாம். கைப்பிடிச் சனம் கதைக்கிற மொழியில் படித்து என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்பார்கள். இருபது வருடம் அந்தக் கைப்பிடிச் சனத்தின் சோற்றைத் தின்றவர்கள் கேட்கிற கேள்வி அது. என் மனைவியின் தமக்கை லண்டனில் இருந்தா. ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் வீடு பார்ப்பார்கள், பள்ளிக்கூடம் பார்ப்பார்கள். நான் குசினியில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவன் நான். மீன் வெட்டிக்கொண்டே, பக்கத்தில் நின்ற பெண்களிடமிருந்து மொழியைப் பொறுக்கினேன். முதலில் தூஷணம் வந்தது. பிறகு வாக்கியம் வந்தது. அதற்கே வருடக்கணக்காயிற்று. அந்தக் காலம் முழுவதும் நான் எந்த இடத்திலும் ஒரு மேசை, ஒரு கதிரை மாதிரித்தான் நின்றேன். என்னைப் பற்றி எனக்கு முன்னாலேயே கதைப்பார்கள். இப்போது நான் பஸ் சாரதி. குடித்துவிட்டு ஏறுகிறவனை அவனுடைய மொழியிலேயே இறக்கிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை எனக்காக மெதுவாகக் கதைத்தால் நான் வேகமாகப் பதில் சொல்லுவேன். எனக்கு இந்த மொழியில் சண்டை பிடிக்கத் தெரியும். ஒரு மொழி தெரியும் என்பதற்கு அதைவிட வேறு என்ன சான்றிதழ் வேண்டும்? ஆங்கிலம் எனக்குக் கிரிக்கெட் கேட்கிற அளவுக்குத்தான். லண்டனுக்குப் போனால் திரும்பவும் மேசை, திரும்பவும் கதிரை. நாற்பத்தைந்து வயதில் இன்னொரு முறை ஊமையாக இருக்க என்னால் ஏலாது.

இதை நான் மனைவிக்கு விளங்கப்படுத்தவில்லை. வரமாட்டேன் என்றுமட்டும் சொன்னேன். அவள் முதியோர் இல்லத்து வேலைச் சட்டையை இஸ்திரி போட்டபடி முடிவு சொன்னாள்.

"பிள்ளை இருக்கிறன் எண்டால் நானும் இருக்கிறன். வாறன் எண்டால் நான் கூட்டிக்கொண்டு போறன். உங்களுக்கு விருப்பம் எண்டால் நீங்களும் வாங்கோ. இல்லாட்டி உங்கடை பாடு."

முழு வீட்டையும் தூக்கி ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் வாயில் வைத்தாள். மகள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அந்த ஈஸ்டருக்குப் பிறகு சொல்வதாகப் பேச்சு.

என்னோடு பஸ் ஓட்டும் ஒரு நோர்வேஜியன், மனைவியைப் பிரிந்தவன், தன் மகனோடு பெலிஸுக்குப் போய்வந்த படங்களைக் காட்டினான். நீலக் கடல், தோளில் கைபோட்ட மகன். வருடக்கணக்கில் முகம் கொடுக்காத பையன் அங்கே வாய் ஓயாமல் கதைத்தானாம். எனக்கு அது பிடித்துக்கொண்டது. வேறு எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் ஒரு பெரியம்மா இருப்பா, பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இருப்பார்கள், என் மகள் அவர்களின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அங்கே ஒருவரும் இல்லை. அவளுக்கு நான்தான், எனக்கு அவள்தான். அந்தப் பக்கத்து நாடுகள் எல்லாம் ஸ்பானிஷ் மொழிதானே என்றும் நினைத்தேன். இரண்டு பேரும் சரிசமமாக ஊமையாக இருப்போம். அவள் என்னோடுதான் கதைக்க வேண்டிவரும்.

அந்த நாட்டில் ஆங்கிலம் கதைக்கிறார்கள் என்று எனக்கு விமானத்தில்தான் தெரியவந்தது. மகள் வழிகாட்டிப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தவள் தலையைத் திருப்பாமல் சொன்னாள். பிரிட்டிஷ்காரன் ஆண்ட இடமாம். எங்களையும் ஆண்டவன்தான். அதனால் எனக்கு என்ன லாபம்?

இடையில் ஒரு அமெரிக்க விமான நிலையத்தில் மாற வேண்டியிருந்தது. அதிகாரி ஒருவன் நோர்வேக் கடவுச்சீட்டைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், ஒரு பக்கமாக வரச் சொன்னான். அவன் கேட்டதில் எனக்குப் பாதி விளங்கியது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் நோர்வேஜியன் வந்தது. மகள் முன்னால் வந்து நின்று பதில் சொன்னாள். என் தொழில், பிறந்த இடம், எத்தனை நாள் தங்கப்போகிறோம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. எல்லாக் கேள்விகளையும் அவளிடமே கேட்டான். ஒருமுறை இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன கேட்டவன் என்று பிறகு கேட்டேன். "ஒண்டுமில்லை அப்பா" என்றாள். அடுத்து வந்த இரண்டு கிழமையும் நான் ஆகக் கூடுதலாகக் கேட்ட சொல் அதுதான்.

முதலில் காட்டுப் பக்கம் போனோம். ஆற்றங்கரையில் ஓலைக்கூரை போட்ட மரக்குடில்கள். காலையில் குரங்குகள் கத்தும் சத்தத்துக்கு நான் கட்டிலில் இருந்து எழும்பி நின்றுவிட்டேன், ஏதோ பெரிய இயந்திரம் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. மழை வந்தால் முதலில் மேலே சத்தம் கேட்கும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் தண்ணீர் கீழே வரும். அழகான இடம்தான். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போன வழிகாட்டி நல்ல பொடியன். ஒரு மரத்தைத் தொட்டு நீண்ட நேரம் சொல்லுவான். கூட வந்த வெள்ளைக்காரர்கள் தலையாட்டுவார்கள், சிரிப்பார்கள். நான் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். முதல் நாள் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள். இந்த மரத்தின் பட்டையால் காய்ச்சலுக்குக் கசாயம் வைப்பார்களாம், இந்த எறும்பு இலையைத் தின்னாதாம், அதில் பூஞ்சணம் வளர்த்து அதைத்தான் தின்னுமாம். இரண்டாம் நாள் அவன் ஐந்து நிமிடம் சொன்னதை ஒரு வசனத்தில் சொன்னாள். மூன்றாம் நாள், "மரத்தைப் பற்றிச் சொல்லுறார்" என்றாள். மரத்தைப் பற்றித்தான் சொல்கிறான் என்று எனக்கும் தெரிகிறதுதானே. நான் பின்னால் நடக்கத் தொடங்கினேன். அவள் முன்னால் அவனோடு நடந்தாள்.

அங்கே சமைத்த அம்மாவை முதன்முதல் கண்டபோது நான் ஒரு வேலை செய்தேன். கறுத்த முகம், எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை, கை நிறைய வளையல். சந்தையில் மீன் விலை பேசிக்கொண்டு நின்றால் எங்கள் ஆள் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். குசினி வாசலில் நின்று தமிழில் கேட்டேன்.

"அம்மா, நீங்கள் எந்த இடம்?"

அவ என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னா. நான் விடவில்லை, திரும்பவும் தமிழில், இன்னும் சத்தமாகக் கேட்டேன். செவிடருக்குச் சொல்வது போல. நோர்வேஜியர்கள் எனக்கு அப்படித்தான் சொல்வார்கள். மகள் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்தாள். பிறகு அந்த அம்மாவும் மகளும் அடுப்படியில் நின்று நீண்ட நேரம் கதைத்தார்கள். அந்த அம்மா கையை ஆட்டினா, நெஞ்சில் கை வைத்தா, ஒருமுறை கண்ணையும் துடைத்தா. முடிவில் மகள் எனக்குச் சொன்னது இவ்வளவுதான், "அவவின்ரை பூட்டன் ஆக்கள் இந்தியாவிலை இருந்து கரும்பு வெட்ட வந்தவையாம்."

கண்ணைத் துடைத்தது எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரவு அந்த அம்மா கோழிக்கறி தந்தா. மஞ்சள் போட்டிருந்தா, அதை அவர்கள் மஞ்சள் நிற இஞ்சி என்று சொல்கிறார்களாம். உறைப்பு இல்லை. ஆனால் தின்னத் தின்ன எனக்குக் கோபம் வந்தது. ஒரு கறியை நாலு தலைமுறை காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், கதைக்க ஒரு சொல்லைக்கூட வைத்திருக்கவில்லை.

பிறகு தீவுக்குப் போனோம். மணல் தெருக்கள், கார் இல்லை, பெயின்ற் உரிந்த மரவீடுகள். கரையிலிருந்து பார்த்தால் தூரத்தில் அலைகள் உடையும் வெள்ளைக் கோடு தெரியும், அதுதான் பவளப்பாறை. ரைஸ் குக்கரை அங்கேதான் வெளியில் எடுத்தேன். எங்கள் மின்சாரத்தில் பாதிதான் அந்த நாட்டு மின்சாரம் என்று எனக்கு யார் சொன்னது? சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் சூடாகவே இல்லை. நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, இனி வெந்துவிடும், இனி வெந்துவிடும் என்று பின்னேரம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் கடலில் இருந்து வந்து மூடியைத் திறந்தாள். ஊறிப் போன அரிசி.

"அப்பா, இஞ்சை எல்லாக் கடையிலையும் சோறு விக்கிறாங்கள்" என்றாள். தேங்காய்ப் பாலில் அவித்த சோறும் பயறும். அவள் அதைத்தான் தினமும் தின்றுகொண்டிருந்தாள்.

அவள் ஒவ்வொரு காலையும் படகில் பாறைக்குப் போவாள். நோர்வேயில் பள்ளிக்கூடமே பிள்ளைகளுக்கு நீந்தப் பழக்கிவிடுகிறது. எனக்கு நீந்தத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு நீந்தத் தெரியாதா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: யாழ்ப்பாணத்தில் கடல் மீன் பிடிக்கிறவர்களுக்கு, மற்றவர்களுக்குக் கிணறு. நான் மரப்பாலத்தின் நுனியில் அவளுடைய செருப்பையும் துவாயையும் காத்துக்கொண்டு இருப்பேன். வருகிறவர்கள் ஏதாவது சொல்லுவார்கள். தலையாட்டுவேன். இரண்டாவது நாளில் இருந்து அவர்களும் சொல்லவில்லை, தலைமட்டும் ஆட்டினார்கள். பஸ்ஸில் ஒரு நாளைக்கு எத்தனை பேரோடு கதைக்கிறவன் நான். அங்கே பெலிக்கன்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சூரியன் தலைக்கு மேல் வரும், பாலத்தின் நிழல் எனக்குக் கீழே தண்ணீருக்குள் விழும், பிறகு மற்றப் பக்கம் போகும்.

ஒரு நாள் அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மிதவைச் சட்டையை மாட்டி, முகமூடியைப் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முதலில் உப்புத் தண்ணீர் குடித்தேன். பிறகு முகத்தைத் தாழ்த்தினேன். கீழே ஒரு திருக்கை மீன் மணலை உதறிவிட்டு எழும்பிப் போனது. பச்சையும் நீலமுமான மீன்கள் பாறையைக் கொறிக்கிற சத்தம் கேட்டது, மெய்யாகக் கேட்டது, அரிசி கொறிப்பது மாதிரி. அவள் விரலால் காட்டுவாள், நான் பார்ப்பேன். நான் காட்டுவேன், அவள் பார்ப்பாள். தண்ணீருக்குள் ஒருவராலும் ஒன்றும் கதைக்க முடியாது. எங்களோடு இறங்கிய படகோட்டியும் ஊமை, வெள்ளைக்காரனும் ஊமை. அவள் என் கையை விடவே இல்லை. அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். கரைக்கு வந்ததும் அவள் படகோட்டியோடு ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கிவிட்டாள்.

கடைசிக்கு முதல் நாள் மகள் போன படகு வரவில்லை. வழக்கமாக மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடும். வானம் ஒரு பக்கம் கறுத்தது, காற்று மாறியது. நான் பாலத்தில் நடந்தேன். கடையில் நின்ற பெண்ணிடம் போய்ப் படகு, மகள் என்று இரண்டு சொல்லைச் சொன்னேன். அவள் கையை விரித்து ஏதோ சொன்னாள். வரும் என்கிறாளா, தெரியாது என்கிறாளா, மூழ்கிவிட்டது என்கிறாளா? ஒரு பெண் எனக்கு முன்னால் நின்று என் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறாள், எனக்கு விளங்கவில்லை. இன்னொரு ஆளிடம் போனேன். அவன் சிரித்துத் தோளில் தட்டினான். எல்லாரும் என் தோளில் தட்டினார்கள். பின்னேரமாகிப் படகு வந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். மழைக்கு வேறொரு தீவில் ஒதுங்கி நின்றார்களாம், மீன் சுட்டுத் தின்றார்களாம்.

நான் படகோட்டியின் சட்டையைப் பிடித்தேன். வாயில் வந்தது முழுக்க வடநோர்வே மீன் தொழிற்சாலைத் தூஷணம். ஒஸ்லோவில் அதைச் சொன்னால் எதிரே நிற்பவன் இரண்டு அடி பின்னால் போவான். இவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். கோபம்கூட வரவில்லை அவனுக்கு. சத்தம் போடுகிற ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தான். மகள் இடையில் புகுந்து என் கையை அவன் சட்டையிலிருந்து எடுத்துவிட்டாள். அவனிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். மன்னிக்கச் சொன்னாள். அப்பா களைத்துப்போனார் என்றாள். அந்த அளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும்.

நான் களைக்கவில்லை. நான் பயந்திருந்தேன்.

அடுத்த நாள் காலை பெட்டிகளோடு படகுத்துறையில் இருந்தோம். அவள் பெட்டியின் மேல் குந்தியிருந்து, மணலைக் காலால் கிளறிக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, நான் லண்டனுக்குப் போகப்போறன்."

நான் என் பெட்டியின் பட்டியை இறுக்கினேன்.

"நீங்கள் வராதேங்கோ."

"ஏன்?"

"அங்கையும் இப்பிடித்தான் இருப்பியள். நான் பக்கத்திலை நிண்டு எல்லாத்தையும் சொல்லிக்கொண்டு இருக்கவேணும். அம்மாவும் கடைசியிலை உங்களைக் கெஞ்சி வரப்பண்ணுவா, நீங்களும் வருவியள். வரவேண்டாம். ஒஸ்லோவிலை நீங்கள் வேறை ஆள்."

"இதை முடிவெடுக்க நீ ஆர்?"

"எனக்குத்தானே விட்டனியள்" என்றாள்.

அவள் அழுதிருந்தால் நான் ஏசியிருப்பேன். அழவில்லை. வயதான ஆட்களுக்காகப் பிள்ளைகள் முடிவெடுப்பார்களே, அந்த மாதிரி ஒரு நிதானத்தோடு இருந்தாள். எனக்கு நாற்பத்தைந்து வயது. என் மகள் என்னை விட்டுப் போகிறாள் என்பதைவிட, என்மேல் இரக்கப்பட்டு விட்டுப் போகிறாள் என்பதுதான் எனக்கு எரிந்தது. ஒஸ்லோவிலேயே இருக்கிறேன் என்று அவளைச் சொல்ல வைப்பதற்காகக் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஏன் வரமாட்டேன் என்று சொன்னேனோ, அதை ஒரு சொல்லும் சொல்லாமலே இரண்டு கிழமையாக அவளுக்குக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். மனைவிக்கு விளங்கப்படுத்தாததை இவளுக்கு நல்லாக விளங்கப்படுத்திவிட்டேன்.

ஆவணியில் இரண்டு பேரும் போனார்கள். கேட்டவர்களுக்குப் பிள்ளையின் படிப்பு என்று சொன்னோம். மனைவி கடைசிக் கிழமையில் கெஞ்சத்தான் செய்தாள். நான் இல்லை என்றேன். இந்த முறை காரணத்தையும் சொன்னேன். அவள், "இதை மார்கழியிலை சொல்லியிருந்தால்" என்றாள். மிச்சத்தைச் சொல்லவில்லை.

மகள் கிழமைக்கு ஒரு தடவை தொலைபேசி எடுப்பாள். என்னோடு நோர்வேஜியனில்தான் கதைப்பாள். நான் கேட்டு அல்ல, அவளாக. லண்டனில் அவளுக்கு அந்த மொழியில் கதைக்க வேறு ஒருவரும் இல்லை. ஒன்றுவிட்ட சகோதரங்களுக்குத் தெரியாது, தாய் அதை மறக்கத்தான் பார்க்கிறாள். முதல் வருடம் கடகடவென்று கதைத்தாள். பஸ்ஸில் என்ன நடந்தது, யாரோடு கொழுவினேன் என்று கேட்டுச் சிரிப்பாள். இப்போது இடையில் நிற்கிறாள். ஒரு சொல் வராது. அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்கும், இடையில் ஒரு ஆங்கிலச் சொல்லைப் போடுவாள், பிறகு அது இல்லை என்று திருப்பி எடுத்துக்கொள்வாள்.

எனக்கு அந்தச் சொல் தெரியும். எடுத்துக் கொடுக்க மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். அவளே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.